மலிவு விலை வெள்ளுடை

தேர்வு முடிவு வெளிவந்த மறுநாளே நம் ஊர்களிலே சுவர்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. பேருந்து நிலையத்துச் சுவர், பாலத்தடிச் சுவர், ஏன், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருங்கூட அழைக்கிறது: ஓராண்டிலே செவிலியர் ஆகலாம், தேர்ச்சி பெறாதாரும் சேரலாம், குறைந்த கட்டணம், வேலைக்கு நாங்கள் பொறுப்பு! கூலி வேலை முடித்துத் திரும்பும் தந்தை அதைப் படிக்கிறார். மடியிலே உள்ளதை எண்ணிப் பார்க்கிறார். நான்காண்டுப் பட்டப்படிப்பு எட்டாத உயரத்திலே இருக்கிறது. ஓராண்டுப் பயிற்சியோ கைக்கெட்டும் தொலைவிலே நிற்கிறது. மகளைச் சேர்த்துவிடுகிறார்.

குற்றமா இது? மலிவாகக் கிடைப்பதை வாங்குவது சிக்கனம், சிக்கனம் நற்பண்பு என்றல்லவா நாம் வகுப்பறையிலே சொல்லித் தருகிறோம்? ஆம், சொல்லித் தருகிறோம். மலிவான துணி சாயம் போனால் உடுத்தியவருக்குத்தான் இழப்பு. மலிவான குடை கிழிந்தால் பிடித்தவர்தான் நனைவார். ஆனால், தொழிற்பயிற்சி அப்படிப்பட்ட சரக்கன்று. வாங்குகிறவர் ஒருவர், விளைவைத் தாங்குகிறவர் வேறொருவர். சிக்கனம் என்ற சொல் இங்கே போதாமற் போய்விடுகிறது. அறம் என்ற சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது.

செவிலியர் தொழிலுக்கு வேலியிட்டது இன்று நேற்றன்று. சென்னை மாகாணத்திலே 1926 ஆம் ஆண்டிலேயே செவிலியர், தாதியருக்கென்று சட்டம் பிறந்தது. இந்தியா முழுமைக்குமான மன்றச் சட்டம் 1947 இல் வந்தது. அதற்கு மாற்றாக 2023 இல் புதிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. சட்டங்கள் மாறினும் உட்பொருள் ஒன்றுதான்: முறையான பயிற்சி பெற்று, மாநிலக் குழுமத்தின் பதிவேட்டிலே பெயர் ஏறியவரே செவிலியர். துணைச் செவிலியருக்கு இரண்டாண்டு, பட்டயத்துக்கு மூன்றாண்டு, பட்டத்துக்கு நான்காண்டு. சுவரிலே சிரிக்கும் ஓராண்டுப் பயிற்சி இவற்றுள் எதிலும் சேராது. அது தரும் தாளிலே பொன்னிற எழுத்து இருக்கும், முத்திரை இருக்கும், வெளிநாட்டுப் பெயர்கூட இருக்கும். பதிவேட்டிலே இடம் மட்டும் இராது.

மலிவு என்றார்களே, கணக்கைச் சற்றுப் புரட்டுவோம். சேரும்போது சொன்ன கட்டணம் ஒன்று. பிறகு சீருடைக்கு ஒரு தொகை, தேர்வுக்கு ஒரு தொகை, மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒரு தொகை, சான்றிதழ் கையிலே கிடைக்க மற்றொரு தொகை! மாணவியின் பள்ளி மதிப்பெண் பட்டியலோ அலுவலகப் பேழைக்குள்ளே. இடையிலே விலக நினைத்தால் முழுத்தொகையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள். அடகு பிடிப்பவரிடங்கூட வட்டி இவ்வளவு என்று கேட்டறியலாம். இங்கே அதுவும் இல்லை. அரசுப் பள்ளியிலே ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்கள் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களிலே மேற்படிப்புத் தொடர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 இல் தமிழ்நாட்டிலே தொடங்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டயம் படிப்பவளுக்கு அது 36,000 ரூபாய். ஒப்புதல் இல்லாப் பயிற்சியிலே சேர்ந்தவளுக்கு அதுவும் இல்லை. அரசு மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பள்ளிகளிலே கட்டணம் மிகச் சிறிது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மலிவு என்று நம்பி வாங்கியதே விலையுயர்ந்ததாகிவிடுகிறது.

பணத்தையாவது ஈட்டிவிடலாம். ஆண்டுகளை? பதினெட்டு வயதிலே இழந்த ஆண்டுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் இல்லை. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் நாளிலே, வளைகுடா நாட்டு மருத்துவமனை சான்றிதழைச் சரிபார்க்கும் நாளிலே, அந்தப் பொன்னெழுத்துத் தாள் வெறுந்தாள் என்று தெரிகிறது. "படிக்க வைத்தோம், பயனில்லை" என்று வீட்டார் சலிக்கிறார்கள். அடுத்த மகளின் படிப்பு அந்தச் சலிப்பிலேயே முடிந்துபோகிறது. இந்த இழப்பை எந்தக் கணக்குப் புத்தகத்திலே எழுதுவது?

இனி, வேறொருவர் தாங்கும் விலைக்கு வருவோம். நீரிழிவு நோயாளிக்குச் செலுத்தும் இன்சுலின் நம் நாட்டிலே இரு செறிவுகளிலே கிடைக்கிறது. ஒரு மில்லி லிட்டரிலே 40 அலகு கொண்டது ஒன்று. 100 அலகு கொண்டது மற்றொன்று. ஊசிக்குழலும் அதற்கேற்ப இருவகை. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலிலே 20 என்ற கோடுவரை இழுத்துச் செலுத்தினால், உள்ளே போவது 20 அலகன்று, 50 அலகு! இரண்டரை மடங்கு! இரத்தத்திலே சர்க்கரை சரிந்து, நினைவு தவறி, உயிரே போகலாம். இதை அறிந்துகொள்ளப் பேரறிவு வேண்டியதில்லை. ஆனால் யாரேனும் கற்றுத் தந்திருக்க வேண்டும், மேற்பார்வையோடு பலமுறை செய்து பழகியிருக்க வேண்டும். நள்ளிரவிலே படுக்கையிலே கிடக்கும் முதியவர், கையிலே ஊசியோடு வரும் பெண்ணிடம் எத்தனை ஆண்டு படித்தாய் என்று கேட்பதில்லை. வெள்ளுடையைப் பார்க்கிறார், கையை நீட்டுகிறார். அந்த நம்பிக்கையைத்தான் சுவரொட்டிக்காரர் மலிவு விலைக்கு விற்றிருக்கிறார்.

இங்கே நம்முடைய முகாமிலிருந்தே ஒரு கேள்வி எழக்கூடும். பிறப்பைக் காட்டிப் படிப்பைத் தடுத்த முறையை எதிர்த்தவர்களல்லவா நாம்? வகுப்புவாரி ஆணை 1951 இல் நீதிமன்றத்திலே வீழ்த்தப்பட்டபோது வீதிக்கு வந்து, அதே ஆண்டிலே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு வழிகோலிய நாடல்லவா இது? அன்று குலம் என்னும் வேலி, இன்று முத்திரை என்னும் வேலி. ஏழைக்கு இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள் சிலர். ஒன்றன்று என்கிறோம். குலத்தைக் கற்றுப் பெற முடியாது. தகுதியைக் கற்றுப் பெற முடியும். அந்த வேலி மனிதனைத் தள்ளிவைக்க நட்டது. இந்த வேலி நோயாளியைக் காக்க நட்டது. மருத்துவக் கல்லூரியிலே இடம் கேட்டுப் போராடியவர்கள் அரைகுறை மருத்துவம் கேட்டா போராடினார்கள்? முழுக் கல்வி எமக்கும் வேண்டும் என்றல்லவா கேட்டார்கள்! ஏழையின் மகளுக்கு ஓராண்டுப் போலிப் பயிற்சி போதும் என்பதுதான் பழைய வருணத்தின் புதிய குரல்.

ஆயினும், கேள்வியிலே ஒரு பாதி உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தகுதி பெறும் வாயில் குறுகலாகவும், தகுதி கேட்கும் சட்டம் கடுமையாகவும் இருந்தால், இடையிலே சந்தை முளைக்கத்தான் செய்யும். ஆந்திரத்திலே ஒப்புதல் பெறாத ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலே படித்தவர்கள், தேர்வெழுதவேனும் விடுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். போதிய பயிற்சியற்றாரைக் குழந்தைகளிடம் அனுப்ப இயலாது என்று 1986 இல் மன்றம் மறுத்துவிட்டது. ஆசிரியர் தொழிலிலே இருக்கும் நாம் அத்தீர்ப்பை ஏற்கிறோம். ஆனால், பள்ளி நடத்திப் பணம் பெற்றவருக்குப் பணம் மிச்சம். படித்தவருக்கு மறுப்பு மட்டுமே மிச்சம்.

ஆகவே, குற்றத்தை எடைபோட்டுத்தான் பங்கிட வேண்டும். அறியாமற் சேர்த்த தந்தைமீது குற்றமில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் உண்மை தெரிந்தும், கட்டிய பணம் போய்விடுமே என்று தொடரும் பெண்ணின் நிலை கடினமானது, இரங்குகிறோம். என்றாலும், தெரிந்தபின் ஊசியை ஏந்தும் கை, தெரியாமல் ஏந்திய கையன்று. வறுமை அவளுடைய இழப்புக்கு விளக்கமாகும். பிறருடைய உயிருக்கு ஈடாகாது. நோயாளியைத் துடைத்தெடுக்கும் பணியும், உணவூட்டும் பணியும் இழிவல்ல. அந்தப் பெயரிலேயே, நேர்மையான ஊதியத்திலே அவள் அதைச் செய்யலாம்.

பெரும்பழி அவளுடையதன்று. சிறு மருத்துவமனை நடத்தும் செல்வர் ஒருவர் உண்டே, அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை! பதிவு பெற்ற செவிலியருக்குத் தர வேண்டிய ஊதியத்திலே பாதிக்கும் குறைவாகக் கொடுத்து, அதே வெள்ளுடையை அணிவித்து, நோயாளியிடம் முழுக்கட்டணம் வாங்குகிறவர் அவர். போலிப் பயிற்சியின் உண்மையான வாடிக்கையாளர் அவர்தான். அவர் வாங்க மறுத்தால் சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச ஆளிருக்காது. செவிலியரின் பெயரையும் பதிவெண்ணையும் மார்பிலே தாங்கும்படி ஒவ்வொரு மருத்துவமனையையும் கட்டாயப்படுத்தட்டும். நோயாளியின் உறவினர் படித்துப் பார்க்கட்டும்.

பள்ளிக்கூடத்திலே செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தேர்வு முடிவு வந்தபின் சுவர் பேசுகிறது. அதற்கு முன்பே, பன்னிரண்டாம் வகுப்பின் இறுதிப் பருவத்திலேயே, நாம் பேசிவிடலாம். ஒப்புதல் பெற்ற செவிலியர் பள்ளிகளின் பட்டியலை மாநிலக் குழுமத்திடம் பெற்று, கட்டணத்தோடும் உதவித்தொகையோடும் எழுதி, வாயிலருகே பெற்றோர் கண்ணிலே படும் உயரத்திலே ஒட்டலாம். சுற்றுச்சுவரின் வெளிப்புறம் அவர்கள் ஒட்டட்டும், உட்புறம் நம்முடையது.