உரிமையைக் கேட்பது பொறுமைக்கு மாறாகுமா?



மயிலாப்பூரில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஊன்றுகோலுடன் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். தையல் வேலை செய்பவர். கச்சேரி ரோட்டில் கார் மோதி, மிஷினை மிதிக்கும் கால் முறிந்துவிட்டது. கார்க்காரர் ஆயிரங்களில் ஏதோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், விட்டுவிடு, கோர்ட்டுக்குப் போனால் ஸப்ருடைய கூலி போய்விடும் என்று மஹல்லாவில் சொல்கிறார்கள். நான் கேட்கலாமா ஹஜ்ரத்?" என்றார்.

தாராளமாகக் கேட்கலாம். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் கத்ரைக் காட்டி அடுத்தவருடைய ஹக்கை அழித்துவிட ஷரீஅத்தில் இடமில்லை. அல்லாஹ்வின் நாட்டமின்றி எந்தக் காலும் முறிவதில்லைதான். அப்படியிருந்தும் அம்ரு இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தில், உயிருக்கு 100 ஒட்டகை, ஒரு கண்ணுக்கு 50, ஒரு காலுக்கு 50, விரலுக்குப் பத்து, பல்லுக்கு ஐந்து என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஈட்டை வகுத்திருக்கிறார்கள். ஒரு பல்லைக்கூட அவர்கள் கணக்கில் விடவில்லை.

பத்ருக் களத்தில் அணியைச் சீர்செய்யும்போது பெருமானார் (ஸல்) அவர்களின் கையிலிருந்த அம்பு ஸவாத் இப்னு கஸிய்யா (ரலி) அவர்களின் வயிற்றில் பட்டது. தமக்கு வலித்துவிட்டதென்றும், பதிலுக்குப் பதில் வேண்டுமென்றும் ஸவாத் கேட்டார். 'நபியிடமே கேட்கிறாயா, பொறுத்துக்கொள்' என்று அவரை அடக்கவில்லை. தம் திருவயிற்றைத் திறந்து காட்டினார்கள். ஸவாத் அதை முத்தமிட்டார் என்பது பின்னர் நடந்தது. கேட்டபோது அவருக்குக் கேட்கும் உரிமை இருந்தது.

மன்னிப்பது மிக உயர்ந்த செயல்தான். காயத்துக்குரிய பதிலைத் தர்மமாக விட்டுவிடுபவருக்கு அது பாவப் பரிகாரமாகும் என்று திருமறையின் 5:45 வசனம் அறிவிக்கிறது. ஆனால் விட்டுக்கொடுப்பவர் அடிபட்டவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் ஜமாஅத் தலைவரும் அடுத்தவர் காலை மன்னித்துவிட முடியாது. வாடகை பாக்கியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும்போது, சபையில் உட்கார வைத்து, வெட்கப்படுத்தி வாங்கும் மன்னிப்பு என்ன மன்னிப்பு? நமது பஞ்சாயத்துகளில் இது நடக்கிறது என்பதைக் கூச்சத்தோடு எழுதுகிறேன்.

நம் நகரத்திலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு தாய்சேய் மருத்துவமனையில் மாதம் நிறையாமல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அத்தகைய குழந்தைகளுக்கு உரிய காலத்தில் செய்ய வேண்டிய கண் பரிசோதனை செய்யப்படாமல், இரு கண்ணிலும் பார்வை போயிற்று. பெற்றோர் 'விதி' என்று வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 2015 ஜூலை முதல் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: பிற்காலச் சிகிச்சைக்கு 1 கோடியே 38 லட்சம், அதுவரை செலவானதற்கு ஏறத்தாழ 43 லட்சம். குழந்தைக்கு 18 வயதும் நிறைந்துவிட்டது. கண் திரும்பவில்லை. ஆனால் அவள் வாழ்நாள் முழுவதும் பிறர் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலை வராமலிருக்க அந்தப் பணம் வேண்டும். அடிபட்டவன் கேட்பது இதைத்தான். காலுக்கு யாரும் விலை பேசவில்லை.

சாலை விபத்துக்குச் சென்னையில் ஹைகோர்ட் வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றமே தீர்ப்பாயமாக இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அமலான திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆகவே சமாதானப் பேச்சிலேயே நாளைக் கடத்தாதீர்கள். போலீஸ் எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மருந்துக் கடை ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வசதியற்றவர்களுக்கும், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும், இலவசச் சட்ட உதவி உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தாயிரம் சம்பாதித்தவர் முப்பதாயிரம் என்று எழுதுவதும், ஆறிய காலை ஆறவில்லை என்று சர்டிபிகேட் வாங்குவதும் ஹராம். வாதத் திறமையால் தம்மிடமே ஒருவர் சாதகமான தீர்ப்பைப் பெற்றாலும், அது பிறர் ஹக்காக இருந்தால் தாம் வெட்டிக் கொடுப்பது நெருப்புத் துண்டு என நபிகளார் (ஸல்) எச்சரித்துள்ளார்கள். வக்கீல் சொன்னார் என்பது மறுமையில் பதிலாகாது.

இடித்தவருக்கும் கடமை இருக்கிறது. பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் காலித் (ரலி) அவர்களின் படையால் தவறு நேர்ந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் உயிருக்கும் உடைமைக்கும், நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்கும்கூட ஈடு கொடுத்து, மீதியையும் அவர்களிடமே விட்டு வந்தார். நாம் 'கேஸ் போட்டால் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோம்!

தையல்காரச் சகோதரர் இன்னொன்றும் கேட்டார்: தீர்ப்புத் தொகையுடன் வட்டியும் சேர்த்துக் கொடுக்கிறார்களே? ஈட்டுத்தொகை உங்கள் ஹக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தாலும் அது இடித்தவரின் பொறுப்பிலிருந்து வருவதே. வட்டி என்று தனியே வரும் பகுதியை, பணமதிப்புக் குறைந்ததற்கான ஈடு என்று கருதுவோரும் உண்டு. எனினும் நன்மையை நாடாமல் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே பேணுதல் என்றேன். "நானே ஏழைதானே ஹஜ்ரத்!" என்று சிரித்தார். உண்மைதான். அத்தகையவர் தாமே எடுத்துக்கொள்ள இடமளித்த முஃப்திகளும் உள்ளனர். தொகை கைக்கு வரட்டும். கடன் கணக்கையும் எடுத்துக்கொண்டு ஒரு முஃப்தியிடம் சேர்ந்தே போவோம் என்று சொல்லியனுப்பினேன். வல்லாஹு அஃலம்.