தானம் செய்த மலை, ஏலம் போன மலை

மதுரை மாவட்டம் மாங்குளத்து மலைக் குகைகளில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள், தங்கள் பெயரைப் பாறையிலேயே பொறித்துவிட்டுப் போனார்கள். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் ஒருவர், வெள்ளறை வணிகக் குழுவினர் என்று அந்தத் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் ஆளைச் சொல்கின்றன. இத்தகைய குகைகளின் முகப்பில், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். படுக்கையின் ஒரு முனையைத் தலையணையாகச் சற்று உயர்த்தி விட்டிருப்பார்கள். எதையும் தமதாகக் கொள்வதில்லை என்று நோன்பு பூண்டவர்களுக்கு, அவ்வளவு கரிசனத்தோடு செய்த கொடை அது. பெற்றவர்களும் உடைமை கோரவில்லை. அப்படியென்றால் மலை இன்று யாருடையது? வருவாய்த்துறைப் பதிவேட்டைக் கேட்டால் பெரும்பாலும் புறம்போக்கு என்று சொல்லும். புறம்போக்கைக் குத்தகைக்கு விடலாம், வெடிவைத்துப் பிளக்கலாம். நிலத்தின் மீதான உரிமை, அது அரசின் உரிமையே ஆனாலும், ஆண்டு அனுபவிக்கும் உரிமைதான் என்பது என் வாதம். இனி ஒருவரும் அறிய முடியாதபடி அழிக்கும் உரிமை அதில் அடங்காது. ஆகவே இங்கே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பொறுப்பு, தோண்ட வருகிறவர் தலையில்தான் விழ வேண்டும்.

நம் சட்டம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் நினைவுச்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும், அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்படுத்துகின்றன. அறிவிக்கப்படாதவற்றுக்கு இந்த வேலி இல்லை. அறிவிக்கப்பட்டவையே தப்பவில்லை: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தவற்றில் 50 சின்னங்களைக் காணவில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் அரசு ஒப்புக்கொண்டது. அவற்றில் 14 நகர வளர்ச்சியில் மறைந்தன, 12 அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கின, 24 இருந்த இடமே தெரியவில்லை. அரிட்டாபட்டியைப் பாருங்கள். தமிழிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் உள்ள ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டில், அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர்கள் திரண்டு எழுந்த பிறகே, 2025 ஜனவரியில் அது ரத்தானது. ஏலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் பாரம்பரியத் தலம் என்று அப்போது சமாதானம் சொல்லப்பட்டது. முனிவர்கள் கற்படுக்கையை மட்டும் நம்பியா வாழ்ந்தார்கள்? சோறிட்ட ஊரும், நீர் தந்த சுனையும், வணிகர் வந்த வழியும் இல்லாமல் அந்தப் படுக்கைக்கு ஏது பொருள்?

செத்துப்போனவர்கள் உயிரோடு இருப்பவர்களின் பிழைப்பைக் கட்டிப்போடலாமா என்பது நியாயமான கேள்வி. கட்டிப்போட முடியாது என்பது, கொடுத்தவர்களுக்கே தெரிந்திருந்தது. பிற்காலச் சோழ, பாண்டிய தானக் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில், இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் என்று கொடுத்தவர் எழுதிவைக்கிறார். பிறக்காத ஒருவரின் காலடியில் இப்போதே தலை வைக்கிறார். என்னை அசைப்பது அந்தப் பணிவுதான். நமக்குப் பின்னால் வருகிறவர்கள் நம்மிடம் வந்து கேட்க முடியாது. அவர்கள் சார்பில் கேட்பதற்குத்தான் விதி வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கே தோண்டினாலும் பழமைதான், இப்படிப் பார்த்தால் வீடே கட்ட முடியாது என்பார்கள். மூன்று சென்ட்டில் வீடு கட்டும் குடும்பத்தின் மேல் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. ஏற்றினால் கிடைத்த பானையோட்டை இரவோடிரவாக மண்ணில் புதைத்துவிடத்தான் அது தூண்டும். சுமை சேர வேண்டியது குவாரிக்கும் நாற்கரச் சாலைக்கும் பெரிய மனைப் பிரிவுகளுக்கும். லண்டனில் 1989இல் அலுவலகக் கட்டடத்துக்கான இடத்தில் பழைய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்துப் பெரும் சர்ச்சையானது; அடுத்த ஆண்டே இங்கிலாந்து, அனுமதிக்கு முன் தொல்லியல் ஆய்வு, செலவு கட்டுபவருடையது என்ற திட்டமிடல் நெறியைக் கொண்டுவந்தது. ரோஸ் அரங்கை அடியில் விட்டு மேலே கட்டடமும் எழும்பியது. படமெடுத்து அளந்து வைத்துக்கொண்டு உடைத்துவிடலாமே என்போருக்கு ஒரு பதில்: எந்த அளவீடும் அன்று கேட்கத் தெரிந்த கேள்விக்குத்தான் விடை வைத்திருக்கும். நாளைய கேள்விக்கு மண் கலையாமல் இருக்க வேண்டும். எனவே குத்தகை ஏலத்துக்கும் மனை அங்கீகாரத்துக்கும் முன்பு, தொல்லியல் துறையின் கள ஆய்வு கட்டாயமாக வேண்டும். அதன் முடிவு சர்வே எண்ணோடு சேர்த்துக் கிராமக் கணக்கிலேயே ஏற வேண்டும், அடுத்து வரும் அதிகாரியும் அதைப் பார்க்காமல் கையெழுத்திட முடியாதபடி.