துணைக்கு ஆள் இல்லாதவர்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் ஏழை நோயாளியிடம் யாரும் முதலில் பணம் கேட்பதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. இங்கே முதலில் கேட்பது வேறொன்று. “கூட யாரு வந்திருக்கா?” ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் கேட்பார்கள், அட்மிஷன் போடும்போது கேட்பார்கள், வார்டில் சிஸ்டர் கேட்பார், ஸ்கேன் அறை வாசலில் கேட்பார்கள். இதற்கு “யாருமில்லை” என்று சொல்கிற நோயாளிக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது என்பது என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

அரசு மருத்துவமனையைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். 1995 தொடக்கத்திலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்க்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போன ஏற்பாடு இது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-இல் கலைஞர் காப்பீடு, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை உண்டு. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆட்சிகள் மாறியும் இந்தச் சங்கிலி அறுபடவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் இவையெல்லாம் நோயாளியை வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கின்றன, மருந்தைத் தருகின்றன, செலவை ஏற்கின்றன. வாசலிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கும் இடையில் இருக்கிற தூரம் மட்டும் நோயாளியின் வீட்டாருக்கு என்று விடப்பட்டிருக்கிறது.

அது சின்னத் தூரமில்லை. காலையில் எடுத்த ரத்தத்தை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். மதியம் போய் ரிப்போர்ட் வாங்க வேண்டும். “இன்னும் வரலை, மூணு மணிக்கு வாங்க” என்றால் மூன்று மணிக்கு மறுபடி போக வேண்டும். எக்ஸ்ரே ஒரு கட்டடம், எக்கோ வேறொரு கட்டடம், காப்பீட்டு அட்டைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு கவுண்ட்டர், அங்கே கேட்கிற ஜெராக்ஸுக்கு ரோட்டைத் தாண்டி ஒரு கடை. ஸ்ட்ரெச்சர் கிடைத்தால் தள்ள ஆள் கிடைப்பதில்லை. தள்ள வருகிறவர் கையை நீட்டினால் நூறோ இருநூறோ வைக்க வேண்டியிருக்கிறது. டிரிப்ஸ் முடியப் போகிறதா என்று பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்து சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். ராத்திரி பெட்பான் வைத்து எடுக்க வேண்டும். வெந்நீர் வாங்கிவர வேண்டும். ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டர் சொல்வதைக் காதில் வாங்கி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனையையும் வெளியில் ஒருவர் செய்தால் சம்பளத்தோடு கூடிய வேலை. நம் அரசு மருத்துவமனைகள் தினமும் ஆயிரக்கணக்கானவர்களைச் சம்பளமில்லாமல் இந்த வேலைக்கு வைத்திருக்கின்றன.

அம்மாவுக்குக் கால் முறிந்து தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் கூடவே இருந்த நாட்களில், பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆச்சி இருந்தார். மாட்டுக்குத் தீவனக் கட்டு தூக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஊர்க்காரர் ஒருவர் 108-இல் கூடவே வந்து சேர்த்துவிட்டு அன்று மாலையே திரும்பிப் போயிருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்ததால் ஆச்சியால் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியாது. தலையணைக்கு அடியில் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை. அவற்றோடு எக்கோ எடுத்து வரச் சொன்ன சீட்டு ஒன்று, மயக்க மருந்து டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்கச் சொன்ன சீட்டு ஒன்று, ஒரு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்ன சீட்டு ஒன்று. மூன்றும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. எடுத்துக்கொண்டு போக ஆளில்லை.

ஆபரேஷன் லிஸ்ட் முந்தின நாள் சாயங்காலம் வரும். ஆச்சியின் பெயர் அதில் இருக்காது. இளம் டாக்டர் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, “எக்கோ எங்க பாட்டி? ரத்தத்துக்கு யாரும் வரலையா?” என்பார். அவர் குரலில் கோபமில்லை. அவருக்கும் அன்று பார்த்து முடிக்க வேண்டிய கட்டில்கள் வரிசையாகக் காத்திருந்தன. அறுவைசிகிச்சை செய்ய டாக்டர் இருந்தார், பொருத்த வேண்டிய பிளேட்டுக்குக் காப்பீடு இருந்தது, தியேட்டர் இருந்தது. அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நடக்க இரண்டு கால்கள் மட்டும் இல்லை. முதுகில் புண் வைக்கத் தொடங்கியிருந்தது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் ஆச்சி அவர்களை விட்டுக்கொடுக்க மாட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். “அவன் என்னம்மா பண்ணுவான், லீவு போட்டா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுருவாவ.” மகள் பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே சொன்னார்: “எம் புருசனுக்குப் பாத்தேன், மாமியாருக்குப் பாத்தேன், மவளுக்கு ரெண்டு பேறும் பாத்தேன். இந்த ஆசுபத்திரில நான் படுக்காத வராண்டா கெடையாதும்மா.”

இதை யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. துணைக்கு வருகிறவர் பெரும்பாலும் பெண். வீட்டில் யாருடைய கூலி போனால் பரவாயில்லை என்று நினைக்கிறார்களோ, யாருடைய படிப்பை ஒரு வாரம் நிறுத்தலாம் என்று நினைக்கிறார்களோ, அவரைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே படுத்தால், கூட வர ஆளில்லாமல் போவது அவருக்குத்தான். ஊருக்கெல்லாம் துணைக்குப் போனவர் தான் விழும்போது தனியாகக் கிடக்கிறார்.

ஆச்சிக்கு ஆள் கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் மாமியாருக்குத் துணையாக வந்திருந்தவர், எக்கோ சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “வாங்க அக்கா, ஆளுக்கொரு பக்கம் தள்ளுவோம்” என்று என்னைக் கிளப்பினார். அவருடைய தம்பி சிநேகிதன் ஒருவனைக் கூட்டிவந்து ரத்தம் கொடுக்க வைத்தான். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று உறவினர் கையெழுத்து கேட்டார்கள். சுயநினைவோடு இருக்கிற வயதுவந்தவருக்கு அவருடைய சம்மதமே சட்டப்படி போதும். ஆனாலும் வழக்கத்தில் வீட்டாள் கையெழுத்து இல்லாமல் நகர மறுக்கிறார்கள். மகன் போனில் பேசி, கடைசியில் ஆச்சியின் கைநாட்டோடு ஒப்புக்கொண்டார்கள். அறுவைசிகிச்சை நடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தோடு நிறுத்தினால் மனிதநேயக் கதையாகிவிடும். பலரும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆச்சிக்கு ஆள் கிடைத்ததற்கு அவர் பேச்சுக்காரர் என்பதும் ஒரு காரணம். வந்த அன்றே எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். அதே தளத்தில் எதிர்ப்பக்கம் ஆண்கள் வார்டில், வராண்டா ஓரக் கட்டிலில் ஒருவர் கிடந்தார். குடிப்பழக்கம், காலில் அழுகிய புண், அதன் வாடை. காலையில் கொடுத்த கஞ்சி சாயங்காலம் நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதும் லாக்கர் மேல் ஆடை கட்டி அப்படியே இருக்கும். எட்டி எடுக்க அவரால் முடியவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அவரிடம் யாரும் போகவில்லை. அடுத்தவர் இரக்கம் தமக்குப் பிடித்தமானவரைத் தேடித்தான் போகும். நாறுகிறவரை, ஏசுகிறவரை, புத்தி பேதலித்தவரை அது தாண்டிப் போய்விடும். அரசு மருத்துவமனை இருப்பதே அப்படித் தாண்டிப் போக முடியாத ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தானே?

இலவசம் என்று நாம் சொல்லும் சிகிச்சையின் விலையைப் பணமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2017-18-இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கெடுப்பில், அரசு மருத்துவமனையில் ஒருமுறை உள்நோயாளியாகத் தங்கினால் நாட்டுச் சராசரியாக 4,452 ரூபாய் மருத்துவச் செலவு. தனியாரில் 31,845 ரூபாய். அரசு மருத்துவமனை இல்லாமல் ஏழைக்கு விதியில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்த 4,452-க்குள் துணைக்கு வந்தவர் இழந்த கூலி இல்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் 2024-25-இல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். அதை விட்டுவிட்டு வந்து, டீயும் பன்னும் வாங்கித் தின்று, மருத்துவமனை வராண்டாவில் பாய் விரித்துப் படுக்கிற ஒரு பெண்ணின் பத்து நாள் என்ன விலை என்று வட்டிக்கு விடுகிறவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

சிஸ்டர்கள் ஏன் இவற்றைச் செய்வதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி மருத்துவமனைகளில் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் நெறி வகுத்திருக்கிறது. இரவில் நிரம்பி வழியும் ஒரு வார்டில் எட்டிப் பார்த்தால் அந்த நெறி எந்த ஊருக்கு எழுதியது என்று தோன்றும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வான செவிலியர்களுக்குத் தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். துப்புரவுப் பணியும் காவல் பணியும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில். வாசலில் “ஒருத்தருக்கு மேல உள்ள போகக் கூடாது” என்று கத்துகிறவரும் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர்தான். அதனால் அவர் கத்துவது சரியாகிவிடாது. நோயாளியை ஒருமையில் கூப்பிடுவதற்கு எந்த ஆள் பற்றாக்குறையும் சாக்கு அல்ல.

1992-இல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து, சுமார் 17,000 ரூபாய் செலவழித்தார்கள். அந்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறினால் அது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அவர் நீதிமன்றம் வரை போக முடிந்ததற்குக் காரணம், அவருக்குத் துணைக்கு விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. அந்த வழக்கின் பெயரே அந்தச் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது.

உறவில்லாதவர் துணையிருப்பதை ஒரு முறையாகவே ஆக்க முடியும் என்று பக்கத்தில் கேரளம் காட்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது மலப்புறத்துக் கிராமங்கள் வரை பரவி, அக்கம்பக்கத்தார் பயிற்சி எடுத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் பழக்கமாக வளர்ந்தது. 2008-இல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. நம்மிடமும் ஆட்கள் இல்லாமலில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாகப் போகிறவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே போன்ற பெண்களை, ஆண்களையும்தான், வார்டுக்கு இத்தனை பேர் என்று நோயாளித் துணைவர்களாக நியமிக்க முடியும். அவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர் வைத்து ஊக்கத்தொகை என்று கொஞ்சம் கொடுத்து முடித்துவிடக் கூடாது. சம்பளமில்லாத உழைப்பைக் குறைந்த சம்பள உழைப்பாக மாற்றுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை.

இதை இப்போதே பேச வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மருத்துவமனைகளின் நடைமுறை, ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் இருப்பார்கள், அதில் ஒருவரை அனுப்பலாம் என்ற காலத்தில் உருவானது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. 2021 மதிப்பீட்டில் மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தது நாம். இருக்கிற ஒரு பிள்ளையும் திருப்பூரிலோ ஓசூரிலோ துபாயிலோ இருக்கும். ஆச்சி மாதிரி தனியாக வந்து சேர்கிறவர்கள் இனிமேல் கூடத்தான் செய்வார்கள்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அவர் எந்த ஊர்க்காரர் என்று பாராமல், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் அரசே ஏற்கிறது. பெயர் தெரியாதவருக்கும் அந்த இரண்டு நாள் அரசே வீட்டாள். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் என்ன? அட்மிஷன் போடும்போது துணைக்கு யாருமில்லை என்று சொல்பவரின் கேஸ் ஷீட்டில் அதைக் குறித்துக்கொண்டு, அந்த நிமிடமே வார்டுக்குத் தகவல் போகட்டும். எக்கோ சீட்டையும் ரத்தச் சீட்டையும் நோயாளி கையில் கொடுக்காமல், பெயரும் பணி நேரமும் மாதச் சம்பளமும் உள்ள ஒருவர் கையில் கொடுக்கட்டும். கஞ்சியை லாக்கர் மேல் வைத்துவிட்டுப் போகாமல், அவரே பக்கத்தில் நின்று குடிக்க வைத்துவிட்டுப் போகட்டும்.