அவரிடம் யார் சொல்வது?

அலுவலகங்களில் உண்மையான கூட்டம் கூட்ட அறையில் நடப்பதில்லை. அது முடிந்து பத்து நிமிடம் கழித்து டீக்கடையில் நடக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் இதைக் கண்டிருக்கிறேன். உள்ளே மேலாளர் திட்டத்தை விளக்கிவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்ப்போம். "அப்ப எல்லாருக்கும் சம்மதம்" என்று கூட்டம் கலையும். வெளியே வந்ததும் கையில் டீ கிளாஸோடு ஒருவர், "இது மார்ச்சுக்குள்ள முடியவே முடியாதுப்பா" என்பார். "சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றால், "ஏன், நீ சொல்லேன்" என்று பதில் வரும். எல்லோரும் சிரிப்போம். மார்ச் வரும், வேலை முடிந்திருக்காது. மேலாளர் மட்டும் உண்மையிலேயே அதிர்ந்துபோவார்.

தலைமைப் பண்பு, குழுப்பணி என்று இப்போது நிறையப் பயிற்சி நடக்கிறது. நட்சத்திர ஓட்டலில் ஒருநாள் முகாம், கயிறு இழுக்கும் போட்டி, ஒரே நிறத்தில் டீ-ஷர்ட். அதில் கெடுதல் ஏதுமில்லை; சாப்பாடும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு நிறுவனம் நலமாக இருக்கிறதா என்று அறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கெட்ட செய்தி கீழிருந்து மேலே போய்ச் சேர அங்கே எவ்வளவு நேரம் ஆகிறது?

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய விலை கொடுத்துப் பாடம் கற்ற துறை விமானத்துறை. 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் டெனரீஃப் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. மூடுபனி வேறு. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது பான் ஆம் நிறுவனத்தின் 747. பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை.

கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் சாதாரண ஆளில்லை. அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் பிரிவின் தலைவர். நிறுவனத்தின் விளம்பரங்களில் சிரித்த முகத்தோடு தோன்றியவர். பக்கத்து இருக்கைத் துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டென்று அண்மையில்தான் சோதித்துச் சான்று கொடுத்தவரும் அவரே. கேப்டன் எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டுகிறார். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி சொல்கிறார். அது தனக்குத் தெரியும் என்றும், கேட்டுப் பார் என்றும் கேப்டன் சொல்கிறார். முதல்முறை வாய் திறந்தாயிற்று. சற்று நேரத்தில் கேப்டன் மறுபடி கிளம்புகிறார். புறப்பட இன்னும் தெளிவான அனுமதி இல்லை. இந்த முறை துணை விமானி அவரைத் தடுக்கவில்லை. பின்னால் இருந்த விமானப் பொறியாளர் மட்டும், பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொல்கிறார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மூடுபனியும் காரணம்தான். ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் வானொலியில் எழுந்த இரைச்சலும், பணிநேர வரம்பு தாண்டிவிடுமே என்ற அவசரமும் காரணம்தான். ஆனால் அந்த விமானி அறைக்குள் ஆபத்து ஒருவர் வாயில் கேள்வியாகவே வந்துவிட்டது. உண்மை தெரியாமல் போனதல்ல அங்கே நடந்தது. அந்த உண்மைக்கு நாற்காலி பலம் இல்லாமல் போனது.

அந்தத் துணை விமானியை நம்மில் யாரும் குறை சொல்ல முடியாது. "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பள்ளியில் கேள்வி கேட்டவனை "ரொம்பப் பேசாதே" என்று உட்கார வைத்தவர்கள் நம் ஆசிரியர்கள். பிறகு வேலைக்குச் சேர்ந்தால், "நாங்க எல்லாம் ஒரே குடும்பம்" என்று வரவேற்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பயம் வரும். நம் குடும்பங்களில் அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியாத எத்தனை விஷயங்கள் அம்மா வழியாகச் சுற்றிப் போயிருக்கின்றன!

டெனரீஃபுக்கும் அதைப் போன்ற வேறு விபத்துகளுக்கும் பிறகு விமானத்துறை ஒரு முடிவுக்கு வந்தது. நல்ல விமானி மட்டும் போதாது. ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கும் குழு வேண்டும். 1979-இல் நாசா இதற்கென்றே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு இதை முறையான பயிற்சியாக்கியது. இளையவர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதோடு, மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதும் பாடமாயிற்று.

அந்தப் பயிற்சிக்குச் சோதனை 1989 ஜூலை 19 அன்று வந்தது. யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானம், 296 பேருடன் டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்தது. நடுவானில் வால்பகுதி எஞ்சின் சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் முப்பது ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ளவர். "எனக்குத் தெரியும்" என்று அவர் சொல்லவில்லை. இப்படி ஒரு நிலைமை யாருக்கும் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு எல்லோரிடமும் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானியை உள்ளே அழைத்து, மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வேலையைக் கொடுத்தார். அந்த இரண்டு விசைகளை வைத்தே விமானத்தை சூ சிட்டி ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். தரையிறங்கும்போது விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். எல்லோருடைய யோசனையையும் கேட்டிராவிட்டால் அவ்வளவு தூரம் வந்திருக்கவே முடியாது என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் மேடைகளில் சொல்லிவந்தார்.

கவனிக்க வேண்டியது, அன்று கேப்டன் கேப்டனாகவேதான் இருந்தார். ஆளுக்கொரு பக்கம் இழுக்கவில்லை. "எல்லோரும் பேச ஆரம்பித்தால் வேலை எப்போது நடக்கும்?" என்று கேட்கும் அதிகாரிகளுக்கு இதுவே பதில். சொல்வது எல்லோருடைய உரிமை. முடிவெடுப்பது ஒருவரின் பொறுப்பு. இரண்டும் ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை.

நம் ஊர்ப் பழக்கம் வேறு, அமெரிக்கா வேறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அமெரிக்காவிலேயே கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள், சண்டைகள், பழுதான கார்கள் என்று மோசமான பெயர். அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்றே: என்ன ஆனாலும் உற்பத்தி லைன் நிற்கக் கூடாது. கோளாறு கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் நகர்ந்து போகும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 1982-இல் ஆலையை மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே, அதே தொழிற்சங்கத்தோடு, எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவற்றில் ஒன்று, தலைக்குமேல் ஓடும் ஒரு கயிறு. கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருவார், திட்டுவதற்கு அல்ல, உதவுவதற்கு. உரிய நேரத்தில் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். கொஞ்ச காலத்திலேயே அந்த ஆலையின் கார்கள் தரத்தில் பேர் வாங்கின. வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது.

ஆட்கள் சரியில்லை என்று புலம்பும் முதலாளிகள் ஒவ்வொருவரும் ஃப்ரீமாண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஆட்கள் பெரும்பாலும் மாறவில்லை. அவர்கள் சொன்னால் என்ன நடக்கும் என்பதுதான் மாறியது. அதே முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆண்டுகள் திணறியதும் உண்மை. கயிறு கட்டுவது ஒருநாள் வேலை. அதை இழுத்தவனை மேற்பார்வையாளர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கேதான் நம் உபதேசங்கள் தடம் மாறுகின்றன. "தைரியமாகப் பேசுங்கள்" என்று கீழே இருப்பவரிடம் சொல்கிறோம். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டுபவர், பயிற்சிக் காலம் முடியாதவர்: இவர்களிடம் போய் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமா? உண்மையைச் சொல்ல வீரம் தேவைப்படுகிற இடம் ஏற்கெனவே நோயுற்ற இடம். அங்கே வீரர்கள் ஓரிருவர் இருப்பார்கள்; மற்றவர்கள் வீட்டுக் கவலையோடு வாயை மூடிக்கொள்வார்கள். பேசுவதை எளிதாக்க வேண்டியது மேலே இருப்பவரின் வேலை.

அதற்குப் பெரிய செலவில்லை. கூட்டத்தில் தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லலாம். முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தாளம் போடுவார்கள். "சம்மதமா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இதில் எங்கே இடறும்?" என்று வயதில் இளையவரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம். கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம், "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று பாயாமல், சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம். முதலில் வந்தவருக்கு நடப்பதை அலுவலகமே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்தவர் வருவதும் வராததும் அதைப் பொறுத்தது.

நீங்கள் பத்துப் பேருக்குத் தலைவராக இருந்தாலும் சரி, ஆயிரம் பேருக்கு இருந்தாலும் சரி, ஒன்றை யோசித்துப் பாருங்கள். "நீங்கள் செய்வது தவறு" என்று உங்களிடம் கடைசியாகச் சொன்னவர் யார்? அவர் இன்று எங்கே இருக்கிறார்? அவர் உங்கள் பக்கத்திலேயே, முன்னைவிட நல்ல நிலையில் இருந்தால் உங்கள் நிறுவனம் நலமாக இருக்கிறது. அப்படி ஒருவரும் நினைவுக்கு வரவில்லை என்றால், நீங்கள் தவறே செய்யவில்லை என்று பொருளல்ல. உங்களிடம் சொல்வதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.