பிராரத்தமும் நெடுஞ்சாலையும்

நெடுஞ்சாலையில் சைக்கிளில் சென்ற ஒருவர் லாரி மோதி இறந்துவிட்டால், துக்கம் கேட்க வருபவர்கள் 'விதி முடிந்துவிட்டது' என்று சொல்வது தமிழகத்தில் பொது வழக்கு. ஆறுதல் மொழியாக நிற்கும்வரை அதில் குறைகாண ஏதுமில்லை. இறப்புக்கான காரணமாகவே அது கொள்ளப்படும்போது ஒரு தத்துவக் கூற்றாகிவிடுவதால், பிற கூற்றுகளைப் போலவே அதுவும் ஆராய்ச்சிக்கு உட்பட்டாக வேண்டும். விதி ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனியே அமைவது எனில், சைக்கிளோட்டிகளின் சாவு ஒரு நாட்டில் அருகியும் மற்றொரு நாட்டில் மலிந்தும் இருப்பது எதனால்? எந்த வட்டாரம் அவர்களுக்கு அதிக ஆபத்தானது என்ற கேள்வி புள்ளிவிவர அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. வினைக்கொள்கையை ஏற்பவர்கள் தட்டிக்கழிக்க முடியாத கேள்வியும் அதுவே.

அதைக் கேட்பதற்குத் திருத்தணி ஏற்ற இடம். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான இவ்வூரில், ஆடிக் கிருத்திகையன்று வினை தீர வேண்டிக் காவடியோடு 365 படிகளை ஏறும் அடியார் கூட்டமும், மலைக்குக் கீழே சென்னை–திருப்பதி சாலையில் விரையும் லாரிகளும், அச்சாலையின் ஓரத்தில் தறிவேலைக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் சைக்கிள் மிதித்துச் செல்பவர்களும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். வினைக்கொள்கையை உலக அரங்கில் விளக்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்த ஊரும் இதுவே. 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் ஆற்றி, அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்த சொற்பொழிவுகளில், கைக்கு வந்த சீட்டுகள் முன்வினையால் அமைந்தவை என்றாலும் அவற்றைக் கொண்டு ஆடும் உரிமை ஆடுபவனுக்கே உண்டு என்று அவர் வாதிட்டார். வினைக்கொள்கை செயலின்மைக்கு இட்டுச்செல்கிறது என்ற மேலைநாட்டுக் குற்றச்சாட்டுக்கு அது தக்க விடை. ஆயினும் சாலையைப் பொறுத்தவரை அவ்விடை பாதிதான் பொருந்துகிறது. லாரிக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் செல்பவருக்கு ஆடுவதற்கு எஞ்சியிருப்பது மிகக் குறைவு. அவர் கையிலுள்ள சீட்டுகளில் பலவற்றை இப்பிறவியிலேயே, வேறு மனிதர்களே வகுத்திருக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்குச் சைவ சித்தாந்தத்திடம் கூர்மையான சொற்கள் உண்டு. முற்பிறவிகளில் ஈட்டப்பட்டு இன்னும் நுகரப்படாமல் குவிந்திருக்கும் வினை சஞ்சிதம்; அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வகுக்கப்பட்ட பகுதி பிராரத்தம்; அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். மக்கள் 'விதி' என்று சொல்லும்போது பெரும்பாலும் பிராரத்தத்தை மட்டுமே கருதுகின்றனர். ஒரு மரணத்தில் இறந்தவரின் பிராரத்தம் உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், வேகமாக ஓட்டியவரின் ஆகாமியமும், அந்த வேகத்துக்கு வழிவிட்டுச் சாலை அமைத்தவர்களின் ஆகாமியமும் அதே இடத்தில் பிறக்கின்றன என்பதைச் சித்தாந்தம் எங்கும் மறுக்கவில்லை.

வட்டாரங்களை ஒப்பிடும்போது எதை எதனால் வகுப்பது என்பதே முதற்சிக்கல். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர் என்று ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. அதே ஆண்டில் நெதர்லாந்தில் இறந்த சைக்கிளோட்டிகள் சுமார் 290 பேர். மக்கள்தொகையால் வகுத்தால், நெதர்லாந்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்றரைக்கும் மேல், இந்தியாவில் மூன்றில் ஒன்று என வரும். அதாவது சைக்கிளோட்டிக்கு நெதர்லாந்து இந்தியாவைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆபத்தானது என்ற முடிவு கிடைக்கும். நெதர்லாந்தில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குச் சைக்கிள் ஓட்டுகிறார் என்பதைச் சேர்த்துக்கொண்டால், ஏறக்குறைய ஆறு கோடி கிலோமீட்டர் பயணத்துக்கு ஒரு மரணம் என்று அதே கணக்கு உருமாறுகிறது. இந்தியாவுக்கு அப்படியொரு கணக்கைப் போட வழியில்லை. சைக்கிளில் கடக்கப்படும் தொலைவை ஆண்டுதோறும் அளக்கும் தேசியக் கணக்கெடுப்பு இங்கே கிடையாது.

பண்டைய அளவையியல், அதாவது எதை எவ்வாறு அறிகிறோம் என்பதை ஆராயும் துறை, இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. மணிமேகலை, காட்சி, கருத்து முதலிய அளவைகளை வரிசைப்படுத்தும்போது 'அபாவம்' என்பதையும் ஓர் அளவையாகக் குறிப்பிடுகிறது. ஒரு பொருள் இல்லை என்பதை அதன் இன்மையைக் கொண்டே அறிவது அபாவம். மீமாஞ்சகர்கள் இதற்கொரு நிபந்தனை வைத்தனர்: இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற நிலையில் மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும். சைக்கிளே செல்லாத சாலையில் சைக்கிளோட்டி எவரும் சாகவில்லை என்பது அந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில்லை. அச்சத்தால் பெற்றோர் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பாத நெடுஞ்சாலை, பதிவேட்டில் மிகவும் பாதுகாப்பான சாலையாகத் தோன்றும். பள்ளி மாணவர்களுக்கு அரசே விலையில்லா மிதிவண்டிகளை வழங்கிவரும் தமிழகத்தில், அவை எச்சாலையில் ஓட்டப்படாமல் வீட்டிலேயே நிற்கின்றன என்பதும் ஆபத்தின் அளவாகவே எண்ணப்பட வேண்டும்.

மாநிலங்களை ஒப்பிடுவதிலும் இதே மயக்கம் உண்டு. 2022-இல் உத்தரப் பிரதேசத்தில் 22,595 பேரும் தமிழகத்தில் 17,884 பேரும் சாலைகளில் இறந்தனர். மக்கள்தொகையால் வகுத்தால் தமிழகம் இருமடங்குக்கும் மேல் மோசமாகத் தெரியும். ஆனால் பதிவான விபத்துகளோ தமிழகத்தில் 64,105, உத்தரப் பிரதேசத்தில் 41,746. அங்கே நூறு விபத்துகளுக்கு 54 பேர் இறக்க, இங்கே 28 பேர் இறக்கின்றனர். சிறு விபத்துகளும் காவல் நிலையப் பதிவுக்கு வருவது எந்த மாநிலத்தில் அதிகம் என்ற கேள்வி இந்த வேறுபாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. நியாய நூலார் இத்தகைய மறைந்த நிபந்தனையை 'உபாதி' என்பர்: நெருப்பிலிருந்து புகை எழுவது ஈர விறகு இருந்தால்தான் என்பது அவர்கள் தரும் எடுத்துக்காட்டு.

திருத்தணியில் 'வட்டாரம்' என்ற கருத்தே ஆட்டம் காண்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பொன்பாடி சோதனைச் சாவடிக்கு அப்பால் ஆந்திரம், இப்பால் தமிழகம். லாரியும் சாலையும் இரு பக்கமும் ஒன்றே, இறப்பு ஏறும் கணக்கு மட்டும் வேறு. எல்லை உண்மையிலேயே வேறுபாடு உண்டாக்கிய இடமும் உண்டு: தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், தமிழக எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்றது. நாடு முழுவதற்குமான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை ஒன்றிய அரசு 2025 மே மாதத்தில்தான் அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அடிபட்டவருக்குக் கிடைத்த உதவி சாவடிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து மாறியதை எந்தப் பிராரத்தத்தைக் கொண்டும் விளக்க முடியாது. அது ஓர் அரசாணையின் பயன்.

நல்வினை உடையவர்கள் பாதுகாப்பான நாட்டில் பிறக்கிறார்கள் என்று ஒருவர் மறுமொழி கூறலாம். நெதர்லாந்தின் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. அங்கே 1971-இல் சாலைகளில் இறந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினர், 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. குடியிருப்புத் தெருக்களில் வேகம் கட்டுப்படுத்தப்பட்டது, சைக்கிளுக்குத் தனித்தடங்கள் அமைந்தன. மக்கள்தொகை பெருகிய பின்னரும் இன்று அங்கே ஆண்டு மரணங்கள் 700 அளவில் நிற்கின்றன. 1971-இல் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளில் பலர் இன்றும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள்; ஒரே பிறவியில், ஒரே மக்களிடையே ஆபத்து இவ்வளவு குறைந்ததென்றால், மாறியது அவர்களுடைய முன்வினை அன்று, சாலை.

எஞ்சும் சிக்கல், பலர் கூடி எடுத்த முடிவின் வினை யாரைச் சேரும் என்பது. சாலையின் அகலத்தை ஒரு துறையும், வேக வரம்பை இன்னொன்றும், நிதியை மற்றொன்றும் தீர்மானிக்கும்போது, குற்றம் எவர் மேலும் தங்காமல் நழுவிவிடுகிறது. 1997-இல் சுவீடன் நாடாளுமன்றம், சாலையில் எவரும் சாகக்கூடாது என்பதை இலக்காக ஏற்று, சாலையை வடிவமைப்பவர்களையும் பொறுப்பாளிகளாக்கியது. அதற்கு நெடுங்காலம் முன்பே பதஞ்சலியின் யோக சூத்திரமும் சமண அறநூல்களும் கொலையை மூவகையாகப் பகுத்திருந்தன: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்ததற்கு உடன்படுவது. ஓட்டுநர் முதல் வகையில் அடங்குவார். நடைமேடையும் தனித்தடமும் இன்றி வேகத்தை மட்டுமே கணக்கிட்டுச் சாலை போடுபவர்கள் இரண்டாம் வகையில் அடங்குவர். மூன்றாம் வகையான அனுமோதனம், அதாவது உடன்பாடு, அந்தச் சாலையை அப்படியே விட்டு வைக்கும் ஊர் முழுவதற்கும் பொருந்தும். மரணத்தை விதியின் கணக்கில் எழுதி முடித்துக்கொள்வதும் அந்த உடன்பாட்டின் ஒரு வடிவமே.