விஞ்ஞானியின் பொறுப்பு எதுவரை?

தன் கண்டுபிடிப்பால் மனிதனுக்குக் கேடு விளையுமா என்று விஞ்ஞானி சிந்திக்கவேண்டும். அவ்வளவில் அவன் கடமை முடிந்துவிடுமா? தான் கண்டது யாருக்கு உரியது என்ற கேள்வியும் அவனுடையதல்லவா?

1973 இல் ஸ்ரான்லி கோகன், ஹேர்பேட் போயர் ஆகியோரும் அவர்தம் சகாக்களும் கலிபோர்ணியாவிற் செய்த பரிசோதனையொன்றை நோக்குவோம். பற்றீரியாவினுள் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் உள. அவர்கள் எடுத்துக்கொண்ட வளையங்களுள் ஒன்று ரெற்றாசைக்கிளின் என்னும் மருந்தை எதிர்க்கும் பரம்பரையலகைக் கொண்டது. மற்றது கனமைசின் என்பதை எதிர்ப்பது. நொதியமொன்றால் இரண்டையும் வெட்டினர், வேறொரு நொதியத்தால் வெட்டுமுனைகளை ஒட்டினர், ஈ. கோலை என்ற பற்றீரியாவினுட் புகுத்தினர். இரு மருந்துகளும் கலந்த ஊடகத்தில், இரண்டையும் எதிர்க்கும் ஆற்றல் பெற்றவையே பிழைத்தன. அவ்வாற்றலே வெற்றியின் அடையாளமாயிற்று.

அதுவே அச்சத்துக்கும் காரணமாயிற்று. நோய் விளைக்கும் பற்றீரியா இவ்வாற்றலைப் பெறின் வைத்தியர் என் செய்வார்? 1974 இல் போல் பேர்க் முதலானோர் இத்தகைய சில பரிசோதனைகளை நிறுத்திவைக்குமாறு சக விஞ்ஞானிகளை வேண்டினர். 1975 பெப்ரவரியில் ஏறத்தாழ 140 பேர் கலிபோர்ணியாவின் அசிலோமாரிற் கூடிப் பாதுகாப்பு விதிகளை ஆராய்ந்தனர். தமது ஆராய்ச்சிக்குத் தாமே தடை விதித்த அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம்.

ஆயின், அதற்கு முன்னரே, 1974 நவம்பரில், இம்முறைக்கு ஆக்கவுரிமை கோரி ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலை விண்ணப்பித்திருந்தது. 1980 இல் உரிமை கிடைத்தது. 1997 இல் அது காலாவதியாகும்வரை கிடைத்த வருமானம் 25 கோடி டொலருக்கு மேல். இதற்கிடையில், 1976 இல், ஜெனென்ரெக் என்ற கம்பனியைத் தொடங்கியோருள் போயரும் ஒருவர்.

கட்டணம் செலுத்திய கம்பனிகளுக்கெல்லாம் அனுமதி கிடைத்ததே, பணமும் சர்வகலாசாலைகளுக்கே சென்றதே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அவ்வாராய்ச்சிக்கு உதவியது மக்களின் வரிப்பணம். ஒட்டும் நொதியத்தை முன்னரே கண்டறிந்தவர் வேறு பலர். பலரின் உழைப்பாலும் பொதுப்பணத்தாலும் விளைந்த அறிவுக்கு வேலியிடுவது எந்த நியாயம்?

வேறு வழியே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1923 இல் பான்ரிங்கின் குழுவினர் இன்சுலின் உரிமையை ஆளுக்கு ஒரு டொலர் வீதம் பெற்று ரொறன்ரோ சர்வகலாசாலைக்கு அளித்தனர். 1982 இல், புதிய முறையால் ஆக்கிய இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அது கம்பனியின் சரக்காகவே வந்தது.

கிருமி வெளியேறாதிருக்க விதி வகுத்தவர்கள், அறிவு தனியுடைமையாகாதிருக்கவும் விதி வகுத்திருக்கலாம். வகுப்பறையில் இப்பரிசோதனையைக் கற்பிக்கும்போது, அவர்கள் கேளாது விட்ட அக்கேள்வியையும் சேர்த்தே நாம் கற்பித்தல் வேண்டும்.