பொருந்தும் என்று சொன்னவன்

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, கோடியக்கரையில் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைக் கூரை போனது. கம்ப்யூட்டரும் போனது. கரண்டு வந்த பிறகு, கடன் வாங்கித்தான் புது மெஷின் போட்டார். என்ன வாங்குவது என்று சொன்னவன் நான்.

"பி450 போர்டு வாங்குங்க சித்தப்பா, ஏஎம்4 சாக்கெட். இப்போதைக்கு ரைசன் 3 2200ஜி போதும். நாலு வருஷம் கழிச்சு ப்ராசசரை மட்டும் மாத்திக்கலாம்."

சாக்கெட் என்பது மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம். ஏஎம்4 ப்ராசசருக்கு 1331 ஊசிக்கால்கள். கால் இறங்கினால் பொருந்திவிட்டது என்று நினைப்போம். அப்படி இல்லை. 2017 அக்டோபரில் வந்த இன்டெல்லின் எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கும் பழைய 1151 சாக்கெட்தான். ஆனால் 100, 200 வரிசை போர்டுகளில் அவை ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். உட்காரும், உயிர் வராது.

ஏஎம்டி, ஏஎம்4 சாக்கெட் 2020 வரை தொடரும் என்று சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் நானும் சொன்னேன். 2020 மே மாதம், அடுத்து வரும் ஜென் 3 ப்ராசசர்கள் 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தார்கள். பல போர்டுகளின் பயாஸ் சிப்பில் 16 எம்பிதான் இடம், எல்லா ப்ராசசருக்கும் அது போதாது என்பது காரணம். வார்த்தையை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. 2020 வரை என்றார்கள், 2020 வந்துவிட்டது. கேட்டவர்கள் காதில் விழுந்ததுதான் வேறு. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு வாரத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியில் சித்தப்பாவுக்குப் போன் பண்ணி, கம்பெனி இப்படிச் சொல்லுது என்று இழுத்தேன்.

"கம்பெனிக்காரன் யாருன்னு எனக்கு என்ன தம்பி தெரியும்? நீ சொன்னே, வாங்கினேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் குத்தியது.

அடுத்தவன் கையில் இருப்பதை நான் எப்படி வாக்காகக் கொடுத்தேன்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான் என்று தப்பிக்கலாம். ஆனால் கேட்பவரால் சரிபார்க்க முடியாதபோது நாம் சொல்லும் தகவலே வாக்காகிவிடுகிறது. அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் முடியாது. கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பவரிடம் 'எனக்குத் தெரியாது' என்று ஒதுங்குவது நேர்மை இல்லை, பயம்.

2022-இல் ரைசன் 5 5600ஜி வாங்கிக்கொண்டு போனேன். உப்புக்காத்தில் கேபினெட் திருகெல்லாம் துரு. புதியதை உடனே மாட்ட முடியாது. பழைய ப்ராசசர் உள்ளே ஓடும்போதே பயாஸை அப்டேட் பண்ண வேண்டும். பழையதுதான் புதியதுக்கு வழிவிட வேண்டும். அந்தச் சில நிமிஷம் கரண்டு போகக்கூடாதே என்று இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன்: "இன்னைக்கு இது பொருந்தும். நாளைக்குப் பொருந்தலைன்னா, கூப்பிடுங்க, வர்றேன்." முதல் பாதி கம்பெனி கையில் இருக்கிறது. இரண்டாவது பாதி என் கையில்.